முதிரைக் கழுத்தும் முதல் மாரியும்: வன்னியில் கையால் செய்த ஒரு பேஸ் கிற்றார் பற்றிய நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

கிராமத்து வேலைத்தலம் ஒன்றில் மரத்தால் செய்த மின்சார பேஸ் கிற்றார் ஒன்று, கம்பி பூட்டி நான்கு மாதத்துக்குள் கழுத்து வளைந்து வாசிக்க முடியாத நிலைக்கு வந்தது. அதற்கு வேறு கழுத்துச் செய்து பூட்டினோம். அது இன்னொரு மாரியையும் தாண்டி இன்று வரை நேராக நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது, எந்த இடத்தில் பிழை விட்டோம் என்பதை அடுத்துச் செய்ய வருபவர்களுக்காக எழுதி வைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டேன். அளவுகள் எல்லாம் அந்தந்த நாளில் பென்சிலால் கொப்பியில் குறித்தவை.

பின்னணி

இடம், பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியை ஒட்டிய ஒரு கிராமம். அங்குள்ள தேவாலயத்தில் 2009க்கு முன்பு ஒரு சிறு இசைக்குழு இருந்தது. இடப்பெயர்வில் வாத்தியம் ஒன்றும் மிஞ்சவில்லை. மீள்குடியேறிய பிறகு முதலில் ஒரு கீபோர்ட் வந்தது, சில வருடங்கள் கழித்து ட்ரம் வந்தது. கீழ்ச்சுருதியை மட்டும் கீபோர்ட் வாசிப்பவர் இடக்கையால் சமாளித்து வந்தார்.

பாடகர் குழுவில் 19 வயது இளைஞர் ஒருவர். வவுனியாவில் இருந்து இரவல் வந்த பேஸ் கிற்றாரில் ஆறு மாதம் பழகினார். நன்றாகவே வந்தது. உரியவர் திருப்பிக் கேட்டதும் கொடுத்தாயிற்று. புதிதாக வாங்கலாம் என்றால், 2022இல் ரூபா விழுந்து ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து 350ஐத் தாண்டிய பிறகு, இறக்குமதிச் சாமான் எதையும் அந்தக் குடும்பம் எண்ணிப் பார்க்கக்கூடிய நிலையில் இல்லை. கிற்றாரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முதல் நாள் இரவு அதைப் பெரிய கடதாசியில் கிடத்திச் சுற்றிவர வரைந்து வைத்திருந்தார். அந்தக் கடதாசியோடுதான் என்னிடம் வந்தார்.

நான் ஒலியைக் கூட்டும் அம்ப், வானொலி திருத்தும் வேலை செய்கிறேன். மரவேலைக்கு ஊரில் உள்ள ஓடாவியாரைச் சேர்த்துக்கொண்டோம். அறுபது வயதைத் தாண்டியவர். கதவு, நிலை, கூரை எல்லாம் அவர் கையால் நூற்றுக்கணக்கில் செய்தவர், வாத்தியம் எதையும் தொட்டதில்லை. இளைஞர் மரத்தைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் சம்மதித்தார் என்று பின்னர் சொன்னார்.

மரம்

உடலுக்கு வேம்பு. இளைஞரின் மாமா வளவில் காற்றுக்கு விழுந்து இரண்டு வருடமாகக் கிடந்த மரம். அதைப் பலகையாக அரிய மரக்காலைக்குக் கொண்டுபோனபோது, அவர்கள் முதலில் கேட்டது எந்த இடத்து மரம் என்றுதான். இந்தப் பகுதியில் எல்லா மரக்காலையிலும் அதுதான் முதற்கேள்வி. உள்ளே செல் பீஸ், அதாவது போரில் வெடித்த எறிகணைத் துண்டு, இருந்தால் வாள் போய்விடும். வாள் உடைந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. முதல் இடத்தில் மறுத்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில், பட்டை உரித்துக் கொண்டுவந்தால் பார்த்துவிட்டு அரிவதாகச் சொன்னார்கள். அரிந்து தந்த பலகை 50 மில்லிமீற்றர் தடிப்பு.

சீவுளி போடுவதற்கு முன் ஒரு வேலை செய்தோம். பழைய ஒலிபெருக்கிக் காந்தத் துண்டை நூலில் கட்டி, பலகைக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் மெதுவாக வரிவரியாக நகர்த்தினோம். இரண்டு இடத்தில் காந்தம் சாய்ந்தது. முதல் இடத்தை உளியால் திறந்தபோது, புளியங்கொட்டை அளவில் ஒரு இரும்புத் துண்டு, அதைச் சுற்றி நாரோடு இரண்டு அங்குலத்துக்கு நீண்ட கருநீலக் கறை. மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். மரம் அதைச் சுற்றி வளர்ந்து மூடியிருந்தது. ஓடாவியார் அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் யன்னல் கட்டில் வைத்தார். கொஞ்ச நேரம் எல்லோருமே பேசவில்லை.

இரண்டாவது துண்டு ஆழத்தில் இருந்தது. அதைக் கிண்டி எடுப்பதற்குப் பதிலாக, வரைபடக் கடதாசியைப் பலகையில் 60 மில்லிமீற்றர் தள்ளி வைத்தோம். அப்போது அந்த இடம் வொல்யூம் கட்டுப்பாடு பூட்டும் குழிக்குள் விழுந்தது. எப்படியும் வெட்டி எறியப்போகும் பகுதி. இது நல்ல தீர்மானம் என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் காந்தம் இரும்பை மட்டும்தான் காட்டும். செம்பும் ஈயமும் அகப்படாது. மூன்றாவதாக ஒரு சிறு துண்டு சீவுளி அலகில் பட்டு ஒரு பல் விழுத்தியது.

கழுத்துக்குத்தான் பேச்சு நீண்டது. பாலை வன்னியில் தாராளம், ஆனால் தண்ணீரில் தாழும் பாரம், காயும்போது வெடிக்கும். பனை வைரத்தில் விரற்பலகை செய்து பார்த்தோம். பார்வைக்குக் கருநரம்பு ஓடி அழகாக இருந்தது, ஃபிரெட், அதாவது சுரத்துக்குச் சுரம் குறுக்கே வரும் உலோகக் கீற்று, பதிக்க வாள் போட்டதும் நார் சிம்புசிம்பாகக் கிளம்பியது. கைவிட்டோம். கருங்காலி பாதுகாக்கப்பட்ட மரம், அந்தப் பேச்சே எடுக்கவில்லை. கடைசியில் இளைஞரின் அம்மம்மா ஒரு வழி சொன்னார். அவர்களுடைய பழைய வீட்டில் கூரையும் சுவரும் போய் மிஞ்சி நின்றது முதிரை மரத்தால் செய்த ஒரு கதவு நிலை. அதன் இரண்டு கால்களையும் கொட்டிலில் போட்டு வைத்திருந்தார். ஒன்றை எடுக்கச் சொன்னார், மற்றதைத் தொடவேண்டாம் என்றார்.

பல பத்து வருடம் வெயிலிலும் மழையிலும் நின்று காய்ந்த முதிரை. "தம்பி, முதிரை எண்டால் பேச்சில்லை. இது இனி எங்கை வளையப் போகுது?" என்றார் ஓடாவியார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

முதல் தீர்மானங்கள்

அளவு நீளம், அதாவது தலைப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் நட்டில் இருந்து உடலில் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் தூரம், 34 அங்குலம். 1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் இருந்த அளவு இதுதான். இன்றும் பெரும்பாலான பேஸ் கிற்றார்கள் இதே அளவில்தான் வருகின்றன. இளைஞர் பழகியதும் அதில்தான், வரைபடமும் அதற்குத்தான் இருந்தது. மில்லிமீற்றரில் 863.6.

ஃபிரெட் இடங்களைக் கணக்குப் போட்டுத்தான் குறிக்கவேண்டும். மீதி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டின் தூரம் வரும். முதலாவது ஃபிரெட் நட்டில் இருந்து 48.5 மில்லிமீற்றர், இரண்டாவது 94.2, பன்னிரண்டாவது சரிபாதியில் 431.8. ஒரு ஃபிரெட்டில் இருந்து அடுத்ததை அளந்துகொண்டு போனால் சிறுபிழை கூடிக்கொண்டே போகும். ஆகவே 20 ஃபிரெட்டையும் நட்டில் இருந்தே அளந்து, கூரான கத்தி முனையால் கீறினோம். ஓடாவியாருக்கு இதில் பெரிய விருப்பம். பென்சில் கோட்டுக்கே ஒரு தடிப்பு உண்டு என்று பென்சிலை வாங்கி வைத்துவிட்டார். கடைசியில் பன்னிரண்டாவது ஃபிரெட் கால் மில்லிமீற்றருக்குள் சரியாக விழுந்தது.

கழுத்தை உடலோடு ஒட்டாமல் நான்கு திருகாணியால் பூட்டுவது என்று முடிவெடுத்தோம். ஃபெண்டரின் வழியும் அதுவே. ஒட்டினால் ஒலி நன்றாக நிற்கும் என்று இளைஞர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். பிழைத்தால் கழற்றலாம் என்பது என் வாதம். இந்த ஒரு தீர்மானம்தான் பின்னர் வாத்தியத்தைக் காப்பாற்றியது.

அடுத்த தீர்மானம் பிழையானது. கடையில் வாங்கும் கிற்றார்களில் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடும், ட்ரஸ் றொட் என்பார்கள். கம்பிகள் இழுப்பதால் கழுத்து வில்லாக வளையும்போது அதை முறுக்கி நேராக்கலாம். நாங்கள் அதை விட்டுவிட்டோம். கொழும்பில் இருந்து கம்பி, முறுக்கும் கீ, ஃபிரெட் வயர் எல்லாம் வந்த பொதியில் அது இல்லை. மறுபடி சொல்லி எடுக்க மூன்று வாரம் ஆகும், திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முதிரையின் பேரில் இருந்த நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. தவிர்க்கலாம் என்று கடைசி வார்த்தை சொன்னவன் நான்தான்.

34 அங்குலத்தில் வழமையான நான்கு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ. ஒன்றரை மூட்டை சீமெந்தின் பாரம். அது இரவும் பகலும் இறங்காமல் 20 மில்லிமீற்றர் தடிப்பான ஒரு துண்டில் நிற்கிறது. அதை அன்று கணக்குப் போட்டிருக்கவேண்டும்.

பிக்கப்

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி அம்புக்கு அனுப்பும் சுருள்தான் பிக்கப். இதை நானே சுற்றினேன். தலைமயிரிலும் மெல்லிய 0.063 மில்லிமீற்றர் செப்புக் கம்பியைத்தான் வழமையாகப் பாவிப்பார்கள். அது கிடைக்கவில்லை. மோட்டார் சுற்றும் கடையில் மிக மெல்லியதாக இருந்தது 0.08. அதில் 4000 சுற்று என்று தீர்மானித்தேன். கூடச் சுற்ற இடம் போதாது.

எண்ணுவதற்குப் பழைய கல்குலேட்டர் ஒன்று. 1 கூட்டல் 1 அழுத்திவிட்டால், அதன்பின் சமன் பொத்தானை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒன்று கூடும். அந்தப் பொத்தானின் இரண்டு முனையிலும் வயர் பற்றவைத்து, கைத்துளைப்பானின் சுழலும் தலையில் ஒரு செப்புத்தகடு பொருத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தொடுகை கிடைக்கும்படி செய்தேன். இளைஞர் சுழற்ற, நான் கம்பியை இரண்டு விரலுக்கு இடையில் பஞ்சு வைத்துப் பிடித்தேன். இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது முறை, 1300ஐத் தாண்டிய பிறகு கை பழகிவிட்டது. கம்பி விரலைக் கடக்கும் சூட்டை வைத்தே இழுவை கூடியதா குறைந்ததா என்று தெரிந்தது. முடிந்ததும் மீற்றரில் 2.5 கிலோ ஓம். சுற்றின் சராசரி நீளத்தை வைத்துப் போட்ட கணக்கும் அதையேதான் சொன்னது. அப்போதுதான் நிம்மதி.

காந்தத்துக்கு அலுமாரிக் கதவில் வரும் கறுப்புப் பட்டைக் காந்தம் இரண்டு, ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு இரும்பு போல்ட். சுருள் அசைந்தால் அம்ப் கீச்சிடும் என்பதால், தேவாலயத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரிகளை உருக்கி அதில் தோய்த்தோம். மெழுகை நேரே அடுப்பில் வைக்கக்கூடாது, தீப்பிடிக்கும். கொதிநீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கவேண்டும்.

கடையில் வாங்கும் பிக்கப்போடு பார்த்தால் ஒலி குறைவுதான். அம்பில் கூட்டினால் போதும். குறைந்த ஓம் உள்ள சுருள் என்பதால் நீள வயரிலும் தெளிவு கெடவில்லை.

முதல் ஒலியும் இரைச்சலும்

ஓகஸ்ட் நடுப்பகுதியில் கம்பி பூட்டினோம். எடை 4.9 கிலோ, வேம்பின் பாரம். தடித்த கம்பியைத் தட்டியதும் 41 ஹேர்ட்ஸ் ஒலி கொட்டில் தகரத்தையே அதிரவைத்தது. ஓடாவியார் உடலில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். "இது மரத்துக்குள்ளால வருகுது" என்றார். அவர் செய்த எந்தக் கதவும் அதுவரை பேசியதில்லை.

கூடவே ஒரு ம்ம் என்ற இரைச்சலும் வந்தது. நம் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ். பேஸ் கிற்றாரில் இதை வடிகட்டி எடுக்க முடியாது, வாத்தியத்தின் சுருதியே அந்த இடத்தில்தான் இருக்கிறது. தடித்த கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் 49 ஹேர்ட்ஸ். அந்தச் சுரமும் இரைச்சலும் மோதி, வினாடிக்கு ஒரு தரம் ஒலி பெருத்துச் சிறுத்தது. இளைஞர் அந்த ஒரு சுரம் மட்டும் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து ஃபிரெட்டைத் தேய்க்கப் போனார். தடுத்தேன். குழிகளுக்குள் அலுமினியத் தாள் ஒட்டி, அதையும் பிரிட்ஜையும் ஒரே வயரால் அம்பின் பூமி முனையோடு இணைத்ததும் இரைச்சல் பெருமளவு அடங்கியது.

ஆனால் அந்த இணைப்போடு இன்னொரு பொறுப்பும் வந்தது. இப்போது கம்பியைத் தொடுபவர் அம்பின் உடலைத் தொடுகிறார். பாடகர் குழு பயிற்சி செய்யும் இடத்தில் கம்பிக்கும் மைக்கின் வலைக்கும் இடையில் மீற்றரை வைத்தேன். 90 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அங்கே பூமி இணைப்புக் கம்பி மண்ணுக்குள் போகவே இல்லை. கையில் கிற்றாரும் உதட்டில் மைக்கும் இருந்தால் என்ன நடக்கும் என்று எல்லோரையும் கூப்பிட்டு விளக்கினேன். பூமிக்கம்பி இறக்கி, மின் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் போட்டுச் சோதிக்கும்வரை அங்கே வாசிப்பதில்லை என்று தீர்மானம். ஒரு வாரம் பயிற்சி நின்றது. சிலருக்கு மனவருத்தம். இந்த விடயத்தில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை, இனியும் இராது.

மாரி

கழுத்தின் வளைவை அளப்பதற்குக் கம்பியே போதும். முதலாம் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் கம்பி நேர்கோலாகிவிடும். ஏழாவது ஃபிரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளிதான் வளைவு. மோட்டார் சைக்கிள் திருத்துபவரிடம் வால்வு இடைவெளி பார்க்கும் தகட்டுக் கட்டு இருக்கும். அதை இரவல் வாங்கி அளந்தோம். 0.3 அல்லது 0.4 மில்லிமீற்றர் இருந்தால் நல்லது.

ஓகஸ்ட் நடுவில் 0.4. சோளகம் வீசும் காய்ந்த நாட்கள். செப்ரெம்பர் கடைசியில் 0.6. ஒக்ரோபரில் மழை தொடங்கியது, மாதக் கடைசியில் 1.1. நவம்பர் கடைசியில் 1.9. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியின் உயரம் இரண்டரை மில்லிமீற்றரில் இருந்து ஐந்தைத் தொட்டது. இளைஞரின் விரல் நுனி கன்றிப் போயிருந்தது. அதைக்கூட அவர் சொல்லவில்லை, நான்தான் பார்த்துக் கேட்டேன்.

செப்ரெம்பரில் 0.6ஐக் கண்டபோதே நிறுத்தியிருக்கலாம். கோடையிலேயே, மழைக்கு முன்னமே, அது நகரத் தொடங்கிவிட்டது. கொப்பியில் இலக்கத்தை எழுதினேனே தவிர அது சொன்னதைக் கேட்கவில்லை.

முதலில் பிரிட்ஜைத் தாழ்த்தினோம். நடுவில் கம்பி உயரமாகவே இருந்தது, மேல் ஃபிரெட்டுகளில் மட்டும் சரசரவென்று உரசியது. கழுத்து வில்லானதற்கு அதுவே அடையாளம். பிரிட்ஜோ, கழுத்தின் அடியில் வைக்கும் தக்கையோ அதைத் திருத்தாது. அடுத்து, கம்பியைக் கழற்றி, கழுத்தை மறுபுறம் வளைத்து நான்கு நாள் கவ்வி போட்டோம். நேரானது. கம்பி பூட்டி இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கே வந்தது.

நத்தார் நெருங்கியது. அதற்குள் புதிய கழுத்து முடியாது. ஆகவே எல்லாக் கம்பியையும் ஒரு முழுச்சுரம் இறக்கச் சொன்னேன். சுருதி அவ்வளவு இறங்கினால் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையும். இளைஞர் எல்லாப் பாட்டையும் அதற்கேற்ப மாற்றிப் பழகி, ஐந்தாவது ஃபிரெட்டைத் தாண்டாமல் பாதிராப் பூசைக்கு வாசித்தார். பின்வரிசையில் இருந்து கேட்டேன். குறை எனக்குத் தெரிந்தது, அங்கிருந்த சனத்துக்குத் தெரியவில்லை. எல்லோரும் நன்றாகப் பாடினார்கள்.

ஏன் வளைந்தது

தையில் கம்பி கழற்றி ஒரு வாரம் சும்மா வைத்துவிட்டு, நேர்ச்சட்டம் வைத்து அளந்தபோது 1.1 நின்றது. அதாவது வளைவில் ஒரு பகுதி கம்பி இழுப்பதால் வந்து, இழுவை போனதும் திரும்பிவிட்டது. மீதி நிரந்தரம். மரம் பாரத்தின் கீழ் மெல்ல மெல்ல இளகி அந்த வடிவத்திலேயே நின்றுவிட்டது. பாரம் இருக்கும்போது ஈரம் ஏறி இறங்கினால் இந்த இளகல் இன்னும் கூடும். வன்னியில் காய்ந்த சோளகத்துக்கும் ஒக்ரோபருக்குப் பின் வரும் மாரிக்கும் இடையில் நடப்பது அதுதான். கழுத்தின் பின்புறத்துக்கு ஒரு பூச்சு வார்னிஷ் மட்டும் போட்டிருந்தோம், விரற்பலகைக்கு அதுவும் இல்லை.

ஓடாவியாரோடு இருந்து பேசியபோது இன்னொன்று தெளிந்தது. முதிரை வளை ஓட்டுக்கூரையைத் தாங்குகிறது என்பது அவருடைய அனுபவம், அது உண்மையும்தான். ஆனால் அந்த வளை 100 மில்லிமீற்றர் உயரம். எங்கள் கழுத்து 20. வளைவை எதிர்க்கும் வலு தடிப்பின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். ஐந்து மடங்கு தடிப்புக்கு 125 மடங்கு வலு. இதைக் கடதாசியில் போட்டுக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மரத்திலை பிழை இல்லை" என்றார்.

அவர் ஒரு விடயத்தை எனக்கும் காட்டினார். முதிரையின் நார் ஒரே திசையில் ஓடாது, பட்டைபட்டையாக மாறி மாறிச் சாயும். சீவுளி போட்டால் ஒரு பட்டை வழுவழு என்று வரும், அடுத்தது பிய்யும். ஒரே துண்டாகக் கழுத்தை எடுத்ததால் அந்தச் சாய்வு முழுவதும் ஒரு பக்கம் கூடிவிட்டது.

இரண்டாவது கழுத்து

மரத்துக்கு அம்மம்மாவிடம்தான் போகவேண்டியிருந்தது. மற்றக் காலைத் தொடவேண்டாம் என்று சொன்னவர். வளைந்த கழுத்தைக் கொண்டுபோய்க் காட்டி, என்ன நடந்தது என்று இளைஞர் தானே சொன்னார். அம்மம்மா கழுத்தை வாங்கி ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். "இந்தமுறை பாத்துச் செய்யுங்கோ" என்றதோடு சரி.

நிலைக்காலை நீளவாக்கில் மூன்று பட்டையாக அரிந்து, நடுப்பட்டையைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினோம். ஒன்றின் சாய்வை மற்றது பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பசை வேண்டாம் என்று நான் சொன்னேன். தகரக் கூரைச் சூட்டிலும் நிரந்தர இழுவையிலும் அது மெல்ல நகரும். இரண்டு குழாயில் வரும் எபொக்சியால் ஒட்டி மூன்று நாள் கவ்வியில் விட்டோம். மொத்தத் தடிப்பை 22 ஆக்கினோம். இரண்டு மில்லிமீற்றர் சிறிதாகத் தோன்றும், அதில் மூன்றில் ஒரு பங்கு வலு கூடுகிறது.

ட்ரஸ் றொட்டை லேத் வேலை செய்பவரிடம் செய்வித்தோம். 6 மில்லிமீற்றர் மென்னிரும்புக் கம்பி, ஒரு முனையில் குறுக்குத்தகடு பற்றவைத்து, மறுமுனையில் புரி வெட்டியது. கழுத்தில் அதற்கான பள்ளம் நேராக இருக்கக்கூடாது. இரு முனையிலும் 8 மில்லிமீற்றர் ஆழம், நடுவில் 12. றொட் தொட்டில் போலத் தாழ்ந்து கிடக்கும். மேலே அதே வளைவில் ஒரு சிலாகை ஒட்டி மூடி, அதற்குமேல் விரற்பலகை. புரியில் பூட்டிய நட்டை முறுக்கினால் றொட் நேராக முயலும், அப்போது நடுப்பகுதியை முன்னுக்குத் தள்ளும். கம்பி இழுவைக்கு நேர் எதிர். 10ஆம் நம்பர் ஸ்பானர் போதும், எந்த மோட்டார் சைக்கிளிலும் இருக்கும்.

அந்த வளைந்த பள்ளத்துக்கு ஓடாவியார் இரண்டு நாள் எடுத்தார். ஒரு வளைவுச் சட்டம் செய்து, உளியால் கால் மில்லிமீற்றர் கால் மில்லிமீற்றராக இறக்கினார். நடுவில் கீழே மிஞ்சியது நான்கு மில்லிமீற்றர் மரம். அந்த இடத்துக்கு வந்தபோது வானொலியை நிறுத்தச் சொன்னார். உளி போகும் சத்தத்தில் அடிமரத்தின் தடிப்பு அவருக்குக் கேட்கிறது என்றார்.

இந்தமுறை கழுத்தின் எல்லாப் பக்கத்துக்கும், பூட்டும் முகத்துக்கும் திருகாணித் துளைக்குள்ளும்கூட, வார்னிஷ் போட்டோம்.

பிறகு நடந்தது

பங்குனியில் பூட்டினோம். முதலில் 0.8. ஒரு தரத்துக்குக் கால் சுற்றுக்கு மேல் முறுக்காமல், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் விட்டு, மூன்று தரத்தில் 0.35க்குக் கொண்டுவந்தோம். கோடை முழுவதும் அப்படியே நின்றது. அந்த வருட மாரியில், நவம்பர் கடைசியில், 0.6. கால் சுற்று முறுக்கியதும் மறுநாள் 0.35. நத்தாருக்கு முழுச் சுருதியில், பன்னிரண்டாவது ஃபிரெட் வரை வாசித்தார்.

வளைந்த முதற்கழுத்து ஓடாவியாரின் பட்டறையில் ஆணியில் தொங்குகிறது. அதன் பின்புறத்தில் நான்கு மாத அளவுகளையும் திகதியோடு எழுதி வைத்திருக்கிறார்.

மறுபடி செய்வதானால்

ட்ரஸ் றொட் இல்லாமல் இனிக் கழுத்துச் செய்யமாட்டோம், எந்த மரமாக இருந்தாலும். கழுத்தைத் திருகாணியால்தான் பூட்டுவோம். பூமி இணைப்பைச் சோதிப்பது முதற்கம்பி பூட்டுவதற்கு முன் நடக்கும். காந்தச் சோதனையைப் பலகைக்கு மட்டுமல்லாமல் மரக்காலைக்குக் கொண்டுபோகும் முன் குற்றியிலும் செய்வோம். உடலுக்கு வேம்பு பாரம், உள்ளே குழி விட்டுச் செய்தால் ஒரு கிலோவாவது குறையும். அளவை இரண்டு வாரத்துக்கு ஒருக்கால் எடுத்து, 0.2 மாறினால் வேலையை நிறுத்திப் பார்ப்பது என்று கொப்பியின் முதற்பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

34 அங்குலம் எல்லோருக்கும் தேவையும் இல்லை. 30 அங்குலத்தில் அதே கம்பிகள் அதே சுருதிக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இழுக்கும், ஃபிரெட்டுகளும் நெருங்கும். பாடகர் குழுவில் 13 வயதுப் பிள்ளை ஒருத்தி அந்த அளவில் ஒன்று கேட்டிருக்கிறாள். முதல் ஃபிரெட் 42.8 மில்லிமீற்றர், பன்னிரண்டாவது 381. கடதாசியில் வரைந்தாயிற்று, றொட்டும் லேத்தில் சொல்லியாயிற்று. கழுத்துக்கு ஏற்ற பழைய மரம்தான் இன்னும் கிடைக்கவில்லை. ஓடாவியார் போகிற வீடெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.